வடக்கு தெற்கு நெடுஞ்சாலை: எந்த எக்சிட்டில் இறங்குவது?

முதல் நாள்: புக்கிட் காயு ஹீத்தாம் – அலோர் ஸ்டார் – மெர்போக் – பட்டர்வொர்த்

தாய்லாந்து எல்லையில் புக்கிட் காயு ஹீத்தாமில் தொடங்கி, சிங்கப்பூருக்கு எதிரே ஜொகூர் பாருவில் முடிகிறது மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. ஏறத்தாழ 770 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நாளில் ஒன்பது மணி நேரத்தில் ஓட்டி முடித்துவிடலாம். அப்படி ஓட்டுகிறவர் கண்ணில் படுவது செம்பனையும் (எண்ணெய்ப்பனை) பச்சைப் பலகையும்தான், ஏனென்றால் இந்தச் சாலை எந்த ஊருக்குள்ளும் நுழைவதில்லை. கடைத்தெருக்களின் நடுவே போனது பழைய கூட்டரசு சாலை 1. 1994 செப்டம்பரில் நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கப்பட்டதும், ஊர்கள் எல்லாம் எக்சிட்டிலிருந்து ஐந்து, பத்து கிலோமீட்டர் தள்ளி நின்றுவிட்டன. பெரிய ஊர் என்றால் வடக்கு, தெற்கு என்று இரண்டு எக்சிட். தப்பான ஒன்றில் இறங்கினால் ஊரின் சமிக்ஞை விளக்குகளில் அரை மணி நேரம் போய்விடும். அதனால் இந்தக் குறிப்புகளில் வேகத்தைவிட எக்சிட்டுக்கே இடம் அதிகம்.

புறப்படும் முன் டோல் விவகாரத்தை முடித்துக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் சாவடிகளில் ரொக்கம் வாங்குவதில்லை. முன்கூட்டியே பணம் ஏற்றிய டச் அண்ட் கோ அட்டை, அந்த அட்டையைச் செருகிக் காரில் வைக்கும் ஸ்மார்ட்டேக் கருவி, காரில் ஒட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டுவில்லை ஆகிய மூன்றில் ஒன்று வேண்டும். அலோர் ஸ்டார் அருகே ஹூத்தான் கம்போங்கிலிருந்து சுங்கை டுவா வரை ஒரு மூடிய பகுதி. பட்டர்வொர்த்தைத் தாண்டி ஜூருவிலிருந்து ஸ்கூடாய் வரை இன்னொரு பெரிய மூடிய பகுதி. மூடிய பகுதியில் நுழையும்போது ஒருமுறை, வெளியேறும்போது ஒருமுறை அட்டையைத் தட்ட வேண்டும். ஓடிய தூரத்துக்குப் பணம் கழியும். நுழையும்போது கணவர் அட்டை, வெளியேறும்போது மனைவி அட்டை என்று மாற்றித் தட்டினால் தடுப்பு திறக்காது. இரண்டாவது அட்டையில் நுழைவுப் பதிவு இல்லாததால் மிக நீண்ட தூரத்துக்கான கட்டணம் கேட்கப்படும். ஆர்.எஃப்.ஐ.டி. தடத்தில் நுழைந்து அட்டைத் தடத்தில் வெளியேறினாலும் இதே தொல்லைதான்.

இன்னொரு குழப்பம்: அட்டையில் உள்ள பணம் வேறு, கைப்பேசியில் உள்ள டச் அண்ட் கோ மின்பணப்பையின் பணம் வேறு. ஆர்.எஃப்.ஐ.டி. மின்பணப்பையிலிருந்துதான் கழிக்கும். பழைய அட்டைகளில் கைப்பேசி வழியாகப் பணம் ஏற்ற முடியாது; 2022இல் வந்த புதிய வகை அட்டையில் முடியும். எல்லையிலிருந்து எல்லை வரை சிறிய காருக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) ஏற்றி வைத்தால் தாராளம். 2020 பிப்ரவரியில் கட்டணம் 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணமே இல்லை. சாவடி ஓரத்தில் தனி வழி உண்டு.

கிலோமீட்டர் பலகையைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. வடபகுதியின் பெயர் இ1. அதன் எண்கள் தாய்லாந்து எல்லையில் தொடங்கித் தெற்கு நோக்கி ஏறும். தென்பகுதி இ2. அதன் எண்கள் ஜொகூரில் தொடங்கி வடக்கு நோக்கி ஏறும். ஆகவே கிலோமீட்டர் 200 என்று இரண்டு இடங்கள் உண்டு: ஒன்று பேராக்கில், மற்றொன்று மலாக்கா பக்கம். வண்டி நின்று உதவி கேட்கும்போது இ1ஆ இ2ஆ, வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எக்சிட் எண்ணும் அப்படியே: இ1இல் 1 என்று தொடங்கும், இ2இல் 2 என்று தொடங்கும்.

எல்லையிலிருந்து அலோர் ஸ்டார் வரை சாலை தட்டையானது. இருபுறமும் கெடாவின் வயல்வெளி. ஊருக்குள் போக விரும்பினால் அலோர் ஸ்டார் வடக்கு எக்சிட். 1912இல் கட்டப்பட்ட ஸாஹிர் பள்ளிவாசலும் அதைச் சுற்றிய பழைய அரச சதுக்கமும் ஒரு மணி நேரத்தில் பார்க்கக் கூடியவை. மதியச் சாப்பாட்டுக்கு நாசி கண்டார் (சோறும் பலவகைக் கறியும்) கடைகள் உண்டு. கடலோரத் தமிழ் முஸ்லிம்கள் கொண்டுவந்த சாப்பாடு. பினாங்குக்காரர்கள் தங்களுடையது என்பார்கள், கெடாக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

குரூணை நெருங்கும்போது வலது கைப் பக்கம் தனியாக எழுந்து நிற்பது ஜெராய் மலை, 1,217 மீட்டர். அதன் அடிவாரத்தில் மெர்போக். சுங்கை பட்டாணி வடக்கு எக்சிட்டில் இறங்கி மெர்போக் பலகையைப் பின்பற்றினால் லெம்பா பூஜாங் (பூஜாங் பள்ளத்தாக்கு) தொல்பொருள் காட்சியகம் வந்துவிடும். முதலாம் ராஜேந்திர சோழன் ஏறத்தாழ 1025இல் கடாரத்தின் மீது அனுப்பிய கடற்படை பற்றித் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கடாரம் இந்தப் பள்ளத்தாக்கு என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. காட்சியகத்தின் பின்னால் சரிவில் ஏறினால் சண்டி புக்கிட் பத்து பஹாட் என்ற கோயில் அடித்தளம் இருக்கிறது. கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கல் அடுக்கிய மேடை, தூண் நிறுத்திய குழிக்கற்கள், நீர் போகும் தாரை, அவ்வளவுதான். மேலே இருந்தது மரமும் ஓலையுமாக இருந்திருக்கும். இந்த மழையில் அது நிற்காது. பக்கத்தில் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கடாரத்துக்குக் கப்பல்கள் ஏன் வந்தன என்பதைப் புரிந்துகொள்ள அந்த உலைகளைப் பார்ப்பது கோயிலைப் பார்ப்பதைவிட உதவும்.

இரவுக்குப் பட்டர்வொர்த் அல்லது பிறை. சுங்கை டுவாவைத் தாண்டியதும் தொழிற்சாலை வண்டிகள் சேர்ந்துகொள்ளும். மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை ஜூரு பக்கம் நகராது. நான்கு மணிக்குள் வந்து சேர்வதே புத்தி.

இரண்டாம் நாள்: பட்டர்வொர்த் – தைப்பிங் – கோலக்கங்சார் – ஈப்போ

பினாங்குத் தீவுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பாலங்கள். 1985இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், பிறையிலிருந்து. 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், பத்து கவானிலிருந்து. தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கும் விமான நிலையம் போகிறவர்களுக்கும் அதுவே வசதி. தீவுக்குப் போகும் திசையில் மட்டுமே கட்டணம். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு ஓடும் பெரி என்ற பயணக் கப்பலில் இப்போது கார் ஏற்றுவதில்லை. நடந்து போகிறவர்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மட்டும்தான். ஜார்ஜ்டவுனில் கார் நிறுத்த இடம் தேடுவதைவிட, காரைப் பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரலில் விட்டுப் பெரியில் போய்வருவது எளிது.

ஜூருவிலிருந்து புக்கிட் மேரா வரை கிரியான் வயல்வெளி. சாலை நேர்கோடு. கண் அயர்ந்து விபத்து நடப்பது வளைவில்தான் என்று நினைக்கிறோம். பகல் இரண்டு மணி வெயிலில், வயிறு நிறைந்த பிறகு, இந்த மாதிரி நேர்கோட்டில்தான் அது அதிகம் நடக்கிறது. குனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் பதினைந்து நிமிடம் கண் மூடி எழுந்தால் போதும். அவசரத் தடத்தில் நிறுத்தித் தூங்குவது மட்டும் கூடாது. ஓரத்தில் நிற்கும் காரை ஓடும் கார் என்று நினைத்துப் பின்னால் வரும் லாரி அதைத் தொடர்ந்து வந்துவிடும்.

தைப்பிங்குக்கு இரண்டு எக்சிட். வடக்கிலிருந்து வருகிறவர்கள் கமுந்திங் பக்கம் உள்ள வடக்கு எக்சிட்டில் இறங்கி, ஊரைப் பார்த்துவிட்டு சங்காட் ஜெரிங் பக்கம் உள்ள தெற்கு எக்சிட்டில் ஏறினால் வந்த வழியே திரும்ப வேண்டாம். ஈயச் சுரங்கக் குழிகளில் நீர் நிறைந்து உருவான ஏரித் தோட்டமும், 1883இல் தொடங்கிய பேராக் காட்சியகமும் அருகருகே. தீபகற்பத்தில் மழை அதிகம் பெய்யும் ஊர் இது. மதியத்துக்கு மேல் குடை இல்லாமல் ஏரிக்கரையில் நடக்காதீர்கள். மலாயாவின் முதல் ரயில் 1885இல் இங்கிருந்துதான் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது. தண்டவாளம் போட்டவர்கள் சிலோனிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படையினர். போர்ட் வெல்டின் இன்றைய பெயர் கோலா செபெத்தாங். தண்டவாளம் போய்விட்டது, சதுப்புநிலக் காட்டு மரத்தை எரித்துக் கரி செய்யும் சூளைகள் இன்னும் புகைகின்றன. காலையில் போனால் அவற்றைப் பார்த்துவிட்டுக் கறி மீ சாப்பிட்டுத் திரும்பலாம்.

கோலக்கங்சாருக்கு ஒரே எக்சிட். ஊர் சிறியது, அவசரம் இல்லாதது. 1917இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலைப் படம் எடுக்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். தமிழர்கள் இறங்கிப் பார்க்க வேண்டியது வேறு ஒன்று: மாவட்ட அலுவலகம் அருகே வேலி போட்டு நிற்கும் ஒரு முதிய பால்மரம், அதாவது ரப்பர் மரம். 1877இல் இந்த ஊரில் நட்ட முதல் கன்றுகளில் எஞ்சியது. நான்கு தலைமுறைத் தமிழர்களைக் கப்பல் ஏற்றிய பயிர் இதுதான். நெடுஞ்சாலையின் இருபுறமும் செம்பனை வரிசைகள் நிற்கும் இடங்களில் பல, இந்தக் கன்றுகளின் வழியில் வந்த பால்மரங்கள் நின்ற தோட்டங்களே. ஆற்றுக்கு அக்கரையில் சாயோங். சுரைக்காய் வடிவில் கருப்பு மண் கூஜா செய்யும் ஊர். வாங்கினால் பயன்படுத்தும் முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், மண்வாசம் குறையும்.

கோலக்கங்சாரை விட்டதும் சாலையின் குணம் மாறுகிறது. வயல்வெளி முடிந்து மலை ஏற்றம். கிலோமீட்டர் 250களில் மெனோரா சுரங்கப்பாதை, ஏறத்தாழ 800 மீட்டர். இந்தப் பகுதியில் வேக வரம்பு 110இலிருந்து 80ஆகக் குறைகிறது. வேகப் படக்கருவியும் உண்டு. வரம்பைக் குறைத்ததற்குக் காரணம் சுரங்கம் அல்ல, அதற்கு முன்னும் பின்னும் உள்ள சரிவு. ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரி 30, 40இல் ஊர்கிறது. அதை முந்த இன்னொரு லாரி 45இல் வலது தடத்துக்கு வருகிறது. பின்னால் 110இல் வரும் கார் அதை எதிர்பார்ப்பதில்லை. இறக்கத்தில் நேர்மாறான ஆபத்து. தெற்கு நோக்கிச் சுரங்கத்தைத் தாண்டியதும் ஜெலாப்பாங் வரை நீண்ட இறக்கம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் கனரக வண்டியின் பிரேக் சூடாகிப் பிடிமானம் இழக்கும். லாரியை இடது தடத்தில் விட்டுவிட்டு, அதன் முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொள்ளாமல் போங்கள். உங்கள் காரிலும் டி கியரில் பிரேக் பிடித்தபடியே இறங்காதீர்கள். ஒரு கியர் குறைத்து எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். மழை பெய்து ஓய்ந்த விடியற்காலையில் இங்கே மூடுபனியும் இருக்கும். அப்போது உயர் விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ் விளக்கே நல்லது.

ஈப்போவில் இரவு. தெற்கு நோக்கி வரும்போது முதலில் வருவது ஜெலாப்பாங் பக்கத்து வடக்கு எக்சிட். பழைய நகரத்துக்கும் புந்தோங்குக்கும் அதுவே கிட்டம். தம்பூன் வெந்நீர் ஊற்றுக்கும் பம்பளிமாஸ் கடைகளுக்கும் ஈப்போ தெற்கு. குகைக் கோயில்களுக்குச் சிம்பாங் பூலாய். முன்பு ஜெலாப்பாங்கிலும் ஈப்போ தெற்கிலும் நெடுஞ்சாலையின் குறுக்கே சாவடிகள் நின்றன. பெருநாள் வந்தால் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. 2009இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளை வைத்துக்கொண்டு அங்கே வண்டியை மெதுவாக்க வேண்டியதில்லை.

புந்தோங்கில் கச்சான் பூத்தே கிராமம் என்று ஒரு தெரு உண்டு. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கிய தொழில்: முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை, காரக் கலவை. மாலை நான்கு மணிக்குப் போனால் அன்று பொரித்ததே கிடைக்கும். காரின் பின் இருக்கையில் வெயில் படும் இடத்தில் வைத்தால் மறுநாளே எண்ணெய் வாடை அடிக்கும். துணிப்பைக்குள், நிழலில் வையுங்கள்.

மூன்றாம் நாள்: ஈப்போ – கோப்பெங் – தாப்பா – தஞ்சோங் மாலிம் – கோலாலம்பூர்

ஏறத்தாழ 205 கிலோமீட்டர். பசியாறிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும்.

முதல் நிறுத்தம் கெல்லி மாளிகை. கோப்பெங் எக்சிட்டில் இறங்கி பத்து காஜா சாலையில் மேற்கே போக வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் அவர் இறந்ததால் பாதியில் நின்ற மாளிகை. வேலைக்கு மெட்ராசிலிருந்து தமிழர்களைக் கொண்டுவந்தார். முதல் உலகப்போருக்குப் பின் வந்த கொள்ளைக் காய்ச்சலில் பலர் இறந்தனர். மீதிப் பேர் மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தரச் சொன்னார்கள், அவரும் கட்டிக் கொடுத்தார். கோயில் மாளிகையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. கூரைமேல் தெய்வச் சிலைகளுக்கு நடுவே கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரரின் உருவமும் நிற்கும். மாளிகைக்கு வரும் பேருந்துக் கூட்டம் பெரும்பாலும் இதைப் பார்க்காமலே போய்விடுகிறது. மாளிகைக்கு நுழைவுச்சீட்டு உண்டு; கோயிலுக்கு இல்லை.

நெடுஞ்சாலைக்குத் திரும்பியதும் கோப்பெங்கைத் தாண்டிச் சுண்ணாம்பு மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன. குவா தெம்புரோங் அருகே மலையைப் படிப்படியாக வெட்டிச் சிமெண்டு பூசிய சரிவுகளைக் காணலாம். 1996 ஜனவரி 6ஆம் தேதி இங்கே மண் சரிந்து சாலையை மூடியது; லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்தார். சரிவுகளில் குறுக்கே ஓடும் கான்கிரீட் கால்வாய்கள்தான் இப்போதைய காவல். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி அதன் பிடிமானத்தைக் கரைக்கும் முன்பே வெளியே வடித்துவிடுகின்றன. கால்வாயில் இலையும் மண்ணும் அடைத்தால் பயனில்லை. பராமரிப்புக்காரர்கள் இடது தடத்தை மூடி வேலை செய்வதைக் கண்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

கேமரன் மலைக்கு ஏறுகிறவர்களுக்கு இரண்டு வழிகள். சிம்பாங் பூலாய் வழி அகலமானது, வளைவுகள் மென்மையானவை. கம்போங் ராஜாவில் கொண்டு விடும். தாப்பா வழி பழையது, குறுகலானது, வளைவுக்கு மேல் வளைவு. ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்குப் போகும். குழந்தைகளுக்கு வாந்தி வரும் குடும்பம் சிம்பாங் பூலாயில் ஏறுவது நல்லது. தெற்கே போகிறவர்கள் இறங்கும்போது தாப்பா வழியில் வந்தால் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிடலாம். வார இறுதியில் மலைமேல் நெரிசல் நெடுஞ்சாலையைவிட மோசம்.

தாப்பா ஓய்விடம் கிலோமீட்டர் 322 அருகே. பெரியது, எந்நேரமும் கூட்டம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: சிம்பாங் பூலாய், தாப்பா, தெற்கே தங்காக் ஆகிய இடங்களில் ஷெல் நிலையங்களில் 180 கிலோவாட் வேக மின்னேற்றிகள் உள்ளன. செயலியில் முன்பதிவு செய்யாமல் போனால் காத்திருக்க நேரும். பேட்டரி 20 விழுக்காட்டில் இருக்கும்போது செருகி 80இல் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றம் மெதுவாகிவிடும், பின்னால் நிற்பவருக்கும் எரிச்சல்.

பீடோரில் கொய்யாப்பழம், பெத்தாய் என்ற வாடைமிக்க அவரை. சுங்காய், சிலிம் ரீவர் தாண்டியதும் சாலை அகலமாகிறது. இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரிலிருந்து சிலிம் ரீவர் வரை ஒரு திசைக்கு மூன்று தடங்கள். 2007இல் மூன்றாவது தடம் சேர்க்கப்பட்டது. அதற்கு வடக்கே இரண்டு. பெருநாளுக்கு முந்தின இரவில் வானொலி சொல்லும் நெரிசல்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. விபத்து எதுவும் தேவையில்லை. மூன்று வரிசை இரண்டாகச் சேர்வதே போதும். பொறுமை இல்லாதவர்கள் கடைசி நிமிடம் வரை இடது தடத்தில் ஓடிவந்து உள்ளே நுழைவதால் பின்னால் எல்லோரும் பிரேக் மிதிக்க, அது சங்கிலியாகத் தஞ்சோங் மாலிம் வரை போகும். வடக்கே போகிறவர்கள் அந்த நாள்களில் தஞ்சோங் மாலிமில் இறங்கிப் பழைய சாலையில் சிலிம் ரீவர் வந்து மறுபடி ஏறலாம். பலரும் அதையே செய்வதால் எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. பிளஸ் நிறுவனம் பெருநாளுக்கு முன் எந்த ஊருக்குப் போகிறவர் எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை வெளியிடுகிறது. அதை மதித்துக் கிளம்புகிறவர்களுக்குப் பயன் இருக்கிறது.

அவசரத் தடத்தில் ஓட்டுவது குற்றம். நெரிசல் நாளில் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஸ்மார்ட்லேன் என்று பலகை வைத்து அதைத் திறந்துவிடுவார்கள். பலகை முடியும் இடத்தில் திரும்ப உள்ளே வந்துவிட வேண்டும்.

தஞ்சோங் மாலிமில் பாவ் என்ற சீன ஆவி ரொட்டி வாங்காமல் யாரும் போவதில்லை. 1922இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். தமிழாசிரியர்கள் பலர் படித்துவந்த இடம். ரவாங்கிலிருந்து எல்லாமே தலைநகர நெரிசல். பத்துமலைக்குப் போகிறவர்கள் ஜாலான் டூத்தா சாவடியில் வெளியேறி எம்.ஆர்.ஆர்.2 சாலையைப் பிடியுங்கள். தைப்பூச நாள்களில் அந்தப் பக்கம் கார் கொண்டுபோவதே தப்பு. கமூட்டர் ரயில் கோயில் வாசலுக்கே போகிறது. 42.7 மீட்டர் முருகன் சிலையையும் 272 படிகளையும் வெயில் ஏறும் முன், ஏழு மணிக்கு வைத்துக்கொண்டால் கால்கள் வாழ்த்தும்.

நான்காம் நாள்: கோலாலம்பூர் – சிரம்பான் – மலாக்கா

இன்று குறுகிய ஓட்டம், 150 கிலோமீட்டருக்குள். ஆனால் இ1, இ2 இரண்டையும் இணைப்பது எப்படி என்ற குழப்பம் வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் வருகிறது. வடக்கிலிருந்து நேராகத் தெற்கே போகிறவர் நகருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. புக்கிட் லஞ்சானில் என்.கே.வி.இ. நெடுஞ்சாலையைப் பிடித்து, ஷா ஆலாமில் எலைட் நெடுஞ்சாலைக்கு மாறினால் விமான நிலையப் பக்கமாகச் சுற்றி நீலாயில் இ2வில் சேர்ந்துவிடலாம். முழுதும் மூடிய டோலுக்குள்ளேயே நடப்பதால் நடுவில் தட்ட வேண்டியதில்லை. நகருக்குள் போனால் ஜாலான் டூத்தாவில் வெளியேறி, சுங்கை பீசியில் மறுபடி நுழைய வேண்டும். 2003 நவம்பரில் புக்கிட் லஞ்சானில் பாறை சரிந்து என்.கே.வி.இ. ஆறு மாதம் மூடிக் கிடந்தபோது, இந்தச் சுற்றுவழியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

சுங்கை பீசியிலிருந்து நீலாய் வரை மாலை நான்குக்கு மேல் எந்த நாளும் தவிர்க்கலாம். சிரம்பானில் சீயூ பாவ், மாட்டிறைச்சி மீ. போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சிரம்பானைத் தாண்டிய போர்ட்டிக்சன் எக்சிட். பெடாஸ் லிங்கியில் இறங்கினால் நெகிரி செம்பிலான் பாணியில் புகைபோட்ட இறைச்சியைத் தேங்காய்ப் பாலும் பச்சை மிளகாயும் சேர்த்துச் சமைத்துத் தருவார்கள். அந்தச் சிறிய மிளகாயைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

மலாக்காவுக்கு எல்லோரும் ஆயர் குரோவில் இறங்குகிறார்கள். நீண்ட வார இறுதியில் அந்த எக்சிட்டின் வால் நெடுஞ்சாலை வரை நீளும். அப்போது அதற்கு முந்தைய சிம்பாங் அம்பாட்டில் இறங்கி அலோர் காஜா வழியாகப் போங்கள்; தூரம் சற்றுக் கூடினாலும் நேரம் குறையும். பழைய நகரில் தட்டான்கள் தெருவான ஜாலான் துக்காங் எமாசில் 1781இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், அதே வரிசையில் ஒரு பள்ளிவாசல், அருகே சீனக் கோயில். விநாயகர் கோயிலைக் காத்து வருபவர்கள் மலாக்கா செட்டிகள். வீட்டில் மலாய் பேசி, உடையிலும் சமையலிலும் மலாய் வழக்கம் கலந்து, வழிபாட்டில் சைவத்தைக் கைவிடாத சமூகம். காஜா பெராங்கில் அவர்களுடைய கிராமமும் சிறு காட்சியகமும் உண்டு. வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை. அந்தத் தெருவுக்குள் கார் நுழையாது. ஆற்றின் அப்பக்கம் நிறுத்தி நடந்து வாருங்கள்.

ஐந்தாம் நாள்: மலாக்கா – பாகோ – ஆயர் ஹீத்தாம் – ஜொகூர் பாரு

ஆயர் குரோவுக்குத் தெற்கே மறுபடி இரண்டு தடங்கள். சிலிம் ரீவர் கதை இங்கேயும் நடக்கும், குறிப்பாகச் சீனப் பெருநாள் முடிந்து சிங்கப்பூர் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளில். யோங் பெங் வடக்குக்கும் செனாய் வடக்குக்கும் இடையே மூன்றாவது தடம் அமைக்கும் வேலை எடுக்கப்பட்டிருக்கிறது. வேலைப் பகுதியில் தடங்கள் குறுகலாக இருக்கும். தற்காலிக வேகப் பலகைகளைப் பாருங்கள்.

வண்டி பழுதானால் செய்ய வேண்டியதை இந்தப் பகுதிக்கென்றே வைத்திருந்தோம், எக்சிட்டுகளுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால். வண்டியை இடப்பக்க அவசரத் தடத்தில் முடிந்தவரை ஓரமாக நிறுத்துங்கள். நான்கு சைகை விளக்கையும் சேர்த்துப் போடுங்கள். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி இரும்பு வேலிக்கு அப்பால் நில்லுங்கள். காருக்குள்ளோ காருக்குப் பின்னாலோ நிற்க வேண்டாம். பிறகு கிலோமீட்டர் பலகையைப் பார்த்து பிளஸ் உதவி எண்ணை அழையுங்கள். சுற்றுக்காவல் வண்டி வந்து காரை அருகில் உள்ள சாவடி அல்லது ஓய்விடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அதற்கு முன்பே, யாரும் அழைக்காமல் ஓர் இழுவை லாரி வந்து நின்றால் கொக்கி மாட்ட விடாதீர்கள். மாட்டியபின் சொல்லும் விலை நூறுகளில் தொடங்கும்.

இப்பகுதியின் டயர் வெடிப்புகளுக்குப் பெரும்பாலும் காரணம் குறைந்த காற்று. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடாகும். 110இல் ஒரு மணி நேரம் ஓடினால் கிழியும். கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து அடியுங்கள். ஆள் நிறைந்து பெட்டியும் நிறைந்தால் அதே பட்டியலில் உள்ள பாரத்துக்கான அளவு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை. பத்து மீட்டருக்கு அப்பால் தெரியாத மழையில் நான்கு விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டும் பழக்கம் நம் நாட்டில் பரவியிருக்கிறது. அதனால் தடம் மாற்றும் சைகை யாருக்கும் தெரியாமல் போகிறது, நிற்கும் வண்டிக்கும் ஓடும் வண்டிக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. தாழ் விளக்கும் பின் விளக்கும் போதும், வேகத்தை 70க்குக் குறையுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள். பாலம் தெரிந்தாலே இடது தடத்தை விட்டு விலகுங்கள்.

தங்காக்கில் இறங்கினால் குனோங் லேடாங், 1,276 மீட்டர். மூவாருக்குப் பாகோ எக்சிட், ஓத்தாக் ஓத்தாக் (மசாலா கலந்த மீனை ஓலையில் வைத்துச் சுட்டது) வேண்டுமென்றால் மூவாரில்தான். ஆயர் ஹீத்தாம் பழைய நாளில் எல்லாப் பேருந்தும் நின்ற நாற்சந்தி: சாலை 1 தெற்கு வடக்காக, சாலை 50 பத்து பஹாட்டிலிருந்து குளுவாங் நோக்கி. நெடுஞ்சாலை வந்தபின் அதன் மண்பாண்டக் கடைகளில் கூட்டம் குறைந்தது, விலையும் கட்டுக்குள் இருக்கிறது. பூச்சட்டி வாங்கினால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் விரிசல் இல்லை. சிம்பாங் ரெங்கமில் அன்னாசி. அடியில் மஞ்சள் ஏறி, முகர்ந்தால் மணப்பதை எடுங்கள், இலை எளிதாக வருகிறதா என்று பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் கடைக்காரருக்குப் பிடிக்காது.

கூலாய் தாண்டியதும் முடிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரின் மேற்குப் பக்கம் போகிறவர்கள் செனாயிலிருந்து இரண்டாவது இணைப்பு நெடுஞ்சாலையைப் பிடித்து, 1998இல் திறந்த துவாஸ் பாலத்தில் கடக்கலாம். மற்றவர்கள் ஸ்கூடாய் சாவடியில் கடைசியாகத் தட்டி ஜொகூர் பாருவுக்குள் வந்து 1924இல் திறந்த தாம்போதியில் (நீரின் குறுக்கே போட்ட சாலை) கடப்பார்கள். வெள்ளி மாலை சிங்கப்பூரிலிருந்து உள்ளே வரும் பக்கம் நெரிசல். ஞாயிறு மாலை திரும்பும் பக்கம். சிங்கப்பூர் எண் கொண்ட கார்கள் மலேசியாவுக்குள் வர வி.இ.பி. என்ற வாகன நுழைவு அனுமதிப் பதிவு கட்டாயம், நுழைவில் 20 வெள்ளி சாலைக் கட்டணம். வெளிநாட்டு எண் கொண்ட காருக்கு ரோன்95 பெட்ரோல் ஊற்ற அனுமதி இல்லை, ரோன்97 மட்டுமே. சிங்கப்பூர்க்காரர்கள் அங்கிருந்து கிளம்பும்போதே தொட்டியில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மீட்டரைப் பார்க்காமல் சோதனைச் சாவடி வரை வந்தால் திருப்பி அனுப்புவதோடு அபராதமும் உண்டு.